ஒரு பிறந்த நாளின் சரித்திரம்

1

எழுத்தாளனுக்கு அறுபது நிறைந்தால் மணிவிழா, எண்பது என்றால் முத்துவிழா. மலர் அச்சாகிறது. வாழ்த்துக் கடிதங்கள் வந்து குவிகின்றன. பொன்னாடை தோளிலிருந்து நழுவி நாற்காலிக்குப் பின்னால் விழுகிறது. எழுதியதைப் படித்தவர்கள் அந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று கேட்பது அநாகரிகம். இந்தச் சடங்கைப் பரிகசிப்பது சிறு பத்திரிகைக்காரர்களுக்குக் கைவந்த காரியம். பரிகசித்த கையோடு விஷயத்தை விட்டுவிடுவதும் அப்படியே. பிறந்த நாளை வேறு எப்படிக் கொண்டாடுவது, கொண்டாடத்தான் வேண்டுமா, வீட்டு மனிதர்களும் திறந்த வெளியும் அதற்குப் போதுமா என்ற கேள்விகளுக்குச் சரித்திரத்தில் பதில் தேட முடியும். அப்படித் தேடுகிறவனுக்குக் கிடைக்கிற மிகச் செறிவான உதாரணம் தாகூர்.

வங்காளத்து வைசாகம் நம் சித்திரை. கத்திரி வெயில் தொடங்குகிற சமயம். வங்க ஆண்டு 1268இல் வைசாகம் 25ஆம் தேதி, அதாவது 1861 மே 7, ரவீந்திரநாத் தாகூர் கல்கத்தாவில் ஜோராசாங்கோ வீட்டில் பிறந்தார். இன்று வங்காளி 'பச்சீஷே போய்ஷாக்' என்று சொன்னாலே போதும், யாருடைய நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கவிஞனின் பிறந்த நாள் ஒரு ஜனத்தின் பஞ்சாங்கத்துக்குள் இந்த அளவுக்கு ஏறியதற்கு நம் மொழிகளில் வேறு உதாரணம் சொல்வது கஷ்டம். ஏறியது எப்படி என்பதற்கு 1887 தொடங்கி 1941 வரை கடிதமாகவும் நினைவுக் குறிப்பாகவும் கவிதையாகவும் தடயங்கள் இருக்கின்றன.

முதலில் ஒரு எளிய குடும்ப விழா இருந்தது, பின்னால் புகழ் வந்து அதைக் கெடுத்தது என்று கதை சொல்லிவிடலாம். சுலபமான கதை. தடயங்கள் அதைச் சொல்லவில்லை.

2

தேவேந்திரநாத்தின் பதினான்காவது குழந்தை ரவீந்திரநாத். வேலைக்காரர்களின் கண்காணிப்பில், மாடி அறைகளின் ஜன்னல் வழியே தோட்டத்தையும் குளத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவ்வளவு பெரிய குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளும் தனியே நினைக்கப்படுகிற நாளாக இருக்கவில்லை. அந்த வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தவர் இரண்டாவது அண்ணன் ஸத்யேந்திரநாத்தின் மனைவி ஞானதாநந்தினி தேவி. ஸத்யேந்திரநாத் இந்தியர்களில் முதல் ஐ.சி.எஸ். அவர் மனைவி 1877இல் குழந்தைகளோடு இங்கிலாந்து போய்ச் சில காலம் இருந்து திரும்பினார். பெண்கள் சேலை கட்டும் விதத்தை மாற்றியது போலவே, குழந்தைகளின் பிறந்த நாளைக் கொண்டாடுவதும் அவர் செய்த மாற்றம். 1872இல் பிறந்த மகன் சுரேந்திரநாத், 1873இல் பிறந்த மகள் இந்திரா, இவர்களுடைய பிறந்த நாட்கள்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் விழாவாக ஆனவை. சுரேன் என்ற இந்தப் பையனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, நாம் 'எளிய குடும்பக் கொண்டாட்டம்' என்று ஏங்குகிற ஒன்று, தாகூர் வீட்டைப் பொறுத்தவரை ஆதி காலத்து வழக்கம் இல்லை. கப்பலேறி வந்த புதுமை. அதுவும் குழந்தைகளுக்கானது. வளர்ந்தவர்கள் தங்கள் பிறந்த நாளைத் தாங்களே பரிகாசமாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். 1886 வைசாகம் 25இல் நண்பர் ஸ்ரீசசந்திர மஜும்தாருக்கு தாகூர் எழுதிய கடிதம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் இதே நாளில் தாம் பூமிக்கு வந்து அதைக் கடன்படுத்தியதாக ஒரு கேலி. வாழ்த்துச் சொல்ல யாரும் இல்லாதவன் தன்னைத் தானே வாழ்த்திக்கொள்கிற தொனி அதில் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஒரு சிறுமி அதை மாற்றினாள். அக்கா ஸ்வர்ணகுமாரி தேவியின் மகள் ஸரளா. அப்போது பதினான்கு வயது. தாகூர் அந்தச் சமயம் 49, பார்க் ஸ்ட்ரீட்டில் அண்ணன்மார் ஸத்யேந்திரநாத், ஜோதிரிந்திரநாத் ஆகியோருடன் இருந்தார். ஸரளாவின் வீடு உல்டாடாங்காவில், காசியாபாகானில். பிற்காலத்தில் எழுதிய தன்சரிதையில் ஸரளா தேவி அந்த விடியலைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறார். இருட்டு பிரியும் முன்பே வந்து, சத்தமில்லாமல் மாமாவின் படுக்கையருகே போய், தன் வீட்டு மரத்துப் பூவில் தன் கையாலேயே தொடுத்த மகிழம்பூ மாலையையும் கடையில் வாங்கிய மல்லிகை மாலையையும் ஒரு ஜோடி வேட்டி உத்தரீயத்தையும் காலடியில் வைத்து, வணங்கி எழுப்பினாள். பக்கத்து அறை ஜோதிரிந்திரநாத்துடையது. அவர் எழுந்தார், மற்றவர்கள் எழுந்தார்கள், ரவியின் பிறந்த நாள் என்று வீடே கலகலத்தது. அந்த வருஷத்திலிருந்துதான் உறவினரிடையே அந்த நாள் விழாவாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பிறந்தவன் தூங்கிக்கொண்டிருக்கிறான், கொண்டாட்டத்தைத் தொடங்குவது இன்னொருவர். அடுத்தது, மாலை. கடையில் வாங்கியது ஒன்று, வீட்டு மரத்தின் கீழே பொறுக்கித் தொடுத்தது ஒன்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று பல பத்தாண்டுகள் கழித்தும் ஸரளா தேவிக்குத் தோன்றியிருக்கிறது. மகிழம்பூவைப் பறிக்க முடியாது. உதிர்ந்ததைத்தான் பொறுக்க வேண்டும். விடியலுக்கு முன் குனிந்து நேரம் செலவழித்த ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்த மாலை சாட்சி.

அந்தக் கலகலப்புக்கு அடியில் ஒரு மௌனமும் இருந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1884 ஏப்ரலில், இதே வைசாக மாதத்தில், பக்கத்து அறைக்காரரான ஜோதிரிந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவி தற்கொலை செய்துகொண்டார். தாகூருடைய முதல் வாசகி என்று சொல்லத்தக்கவர் அவர். அந்த வீட்டில் வைசாகம் வெறும் வசந்த நினைவாக இருந்திருக்க முடியாது.

3

குடும்பம் என்பது பிறகு கரைந்தது. 1902இல் மனைவி மிருணாளினி, 1903இல் மகள் ரேணுகா, 1905இல் தந்தை, 1907இல் காலராவில் கடைக்குட்டி சமீந்திரநாத். ஐந்து வருஷத்தில் நான்கு சாவுகள். வீடு என்ற சொல்லுக்குப் பொருளாக மிஞ்சியது, 1901இல் போல்பூர் அருகே செம்மண் பொட்டலில் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம். மரத்தடியில் பாடம், கூரை வானம்.

1910 வைசாகம் 25இல் சாந்திநிகேதனத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அவர் பிறந்த நாளைக் கொண்டாடினார்கள். அன்று அவர் பேசியது 'ஜன்மோத்ஸவ்' என்ற தலைப்பில் அச்சில் இருக்கிறது. பிறந்த நாள் என்பதற்குத் தமக்கு அர்த்தமே போய்விட்டிருந்தது என்று சொல்லி அந்தப் பேச்சு நகர்கிறது. சிறு வயதில் ஒருவன் பிறப்பது ஒரு வீட்டில். அவனைத் தம்முடையவன் என்று கண்டு மகிழ்கிறவர்கள் அந்த வீட்டார். அந்த மகிழ்ச்சி தேய்ந்த பிறகு பிறந்த நாள் ஒரு எண்ணிக்கை மாத்திரம். இப்போது ரத்த சம்பந்தமில்லாத இத்தனை பேர் தம்மைத் தம்மவர் என்று கண்டுகொண்டதால் தமக்கு இன்னொரு பிறப்பு நேர்ந்திருக்கிறது, விழா அந்தப் பிறப்புக்குரியது: சாரம் இதுதான்.

இதை ஆசிரம மேடைக்கு ஏற்ற அழகிய பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். சாவுகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒதுக்க முடியாது. குடும்பம் என்பது கிடைத்துவிட்ட ஒன்று என்றும், அதனோடு அமைதியாக ஒரு நாளைக் கழிப்பதுதான் எளிமை என்றும் நினைக்கிறோம். குடும்பத்தை இழந்தவன் அதைத் திரும்பவும் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கருத்தை அவர் கடைசி வரை விடவில்லை. 1924 மே மாதம் பீக்கிங் நகரில் இருந்தபோது அங்கத்து எழுத்தாளர்கள் அவர் பிறந்த நாளைக் கொண்டாடினார்கள். சிந்தனையாளர் லியாங் சி-சாவ் அவருக்கு ஒரு சீனப் பெயர் சூட்டினார். இந்தியாவையும் சீனத்தையும் குறிக்கும் பழைய பெயர்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. பதினாறு வருஷங்களுக்குப் பிறகு 'ஜன்மதினே' தொகுதியின் கவிதை ஒன்றில் அந்தச் சம்பவம் திரும்ப வருகிறது. எங்கே நண்பன் கிடைக்கிறானோ அங்கே புதிதாகப் பிறக்கிறோம் என்ற அதே எண்ணம்.

4

இதற்கு இணையாகவே இன்னொரு பிறந்த நாளும் வளர்ந்தது. 1911இல் ஐம்பது நிறைந்தது. சாந்திநிகேதனில் 'ராஜா' நாடகம் போட்டார்கள். கல்கத்தாவிலிருந்து எழுத்தாளர்கள் வந்தார்கள். அதோடு நிற்கவில்லை. 1912 ஜனவரி 28இல் வங்கீய ஸாஹித்ய பரிஷத் கல்கத்தா டவுன் ஹாலில் பாராட்டுக் கூட்டம் நடத்தியது. நோபல் பரிசுக்கு முந்திய வருஷம் இது. ஆகவே, வெள்ளைக்காரன் சொன்ன பிறகுதான் வங்காளம் அவரைக் கண்டுகொண்டது என்ற வழக்கமான ஏச்சு முழுவதும் உண்மையில்லை. 1913 நவம்பரில் பரிசுச் செய்தி வந்ததும் விசேஷ ரயிலேறி சாந்திநிகேதனுக்கு வாழ்த்த வந்த கூட்டத்திடம் அவர் கசப்பாகப் பேசியது வேறு கதை.

எழுபது நிறைந்தபோது விழா உலகளாவியது. ராமானந்த சட்டர்ஜி பதிப்பித்த 'தி கோல்டன் புக் ஆஃப் தாகூர்' 1931இல் வந்தது. காந்தி, ரொமெய்ன் ரோலான், ஐன்ஸ்டைன், ஜகதீச சந்திர போஸ், கிரேக்கக் கவி பலாமாஸ் ஆகிய ஐவரின் பெயரால் விடப்பட்ட அழைப்பின் பயன் அது. டிசம்பர் கடைசியில் டவுன் ஹாலில் விழா, கண்காட்சி. 1932 ஜனவரி 4இல் காந்தி கைதானார்; விழா பாதியில் நின்றது. ஒரு தேசம் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது கவிஞனின் பிறந்த நாள் தொடர முடியாது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பொது விழா என்பதையே பழிப்பது என் நோக்கமில்லை. அதன் இயல்பைப் பார்க்க வேண்டும். 1912இல் ஜனவரி, 1931இல் டிசம்பர். பிறந்ததோ மே மாதம். மண்டபத்துக்கும் பிரமுகர்களுக்கும் தோதான குளிர் காலத்துக்கு நாள் நகர்ந்துவிட்டது. பிறப்பு நிகழ்ந்த பருவத்தோடும் வெயிலோடும் அந்த நேரத்துப் பூவோடும் தொடர்பு அறுந்துவிட்டது. மகிழம்பூ மாலை இந்தச் சபைக்கு வர வழியில்லை.

இங்கே சரித்திரம் செய்த ஒரு விளையாட்டையும் சொல்ல வேண்டும். 1887இல் சத்தமில்லாமல் அறைக்குள் நுழைந்த அதே ஸரளா, இளம் பெண்ணாக ஆன பிறகு வங்காளத்தில் வீரர் விழாக்களை உருவாக்கியவர். 1903 வைசாகம் முதல் தேதியன்று ஜஸோர் மன்னன் பிரதாபாதித்யன் பெயரில் அவர் நடத்திய விழாவில் சிலம்பமும் குத்துச் சண்டையும் உண்டு. இருபது வருஷங்களுக்கு முன் 'பௌ தாகுராணீர் ஹாட்' நாவலில் தாகூர் அதே மன்னனைக் கொடியவனாகச் சித்தரித்திருந்தார். மருமகளின் விழா மாமனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் ஒருவனை எழுப்பிய கை, வெளியே ஒரு கூட்டத்தை எழுப்பப் போனது. ஒன்றைச் செய்யத் தெரிந்தவருக்கு மற்றதும் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே காலத்தின் வேலைகள். ஆகவே எளிமை பழமையிலிருந்தும் ஆர்ப்பாட்டம் நவீனத்திலிருந்தும் வருகின்றன என்று பங்கு பிரிப்பது சரியில்லை.

5

ஆர்ப்பாட்டம் பெருகப் பெருக தாகூர் தம் பிறந்த நாளை வெளியே, மண்ணுக்கும் மரத்துக்கும் கொண்டு போக முயன்றார். இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

1925 வைசாகம் 25இல் சாந்திநிகேதனத்து உத்தராயண் வளாகத்தின் வடக்கே பஞ்சவடி நட்டார். அரசு, ஆல், வில்வம், அசோகு, நெல்லி, ஐந்து கன்றுகள். நடுகைக்காக ஒரு பாட்டும் எழுதினார். பாலையை வெல்லும் கொடி என்று மரத்தைப் பற்றி. அந்த வட்டாரத்து நிலம் அரிமானத்தில் பிளந்த செம்மண் சரளை; 'கோவாய்' என்பார்கள். அங்கே மரம் நடுவது அலங்காரமில்லை. பிறந்த நாளன்று தமக்கு மாலை போட வந்தவர்களின் கண்ணை ஐந்து குழிகளின் பக்கம் திருப்பினார் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

மூன்று வருஷங்கள் கழித்து, 1928 ஜூலை 14இல், மரம் நடுவது சாந்திநிகேதனில் தனி விழாவாயிற்று. மருமகள் பிரதிமா தேவிக்கு அவர் எழுதிய கடிதத்தில் அன்று நட்டது எது என்பது தெரிகிறது: பிரதிமா தொட்டியில் வளர்த்து வந்த மகிழங்கன்று. சங்கு ஊத, பாட்டுப் பாட, பெண்கள் கூட வர ஊர்வலம் போன அந்தக் கன்றுக்கு வாய்த்த பாக்கியம் உலகில் எந்த மரத்துக்கும் வாய்த்திருக்காது என்று மாமனார் வேடிக்கையாக எழுதுகிறார். நாற்பத்தொரு வருஷங்களுக்கு முன் மாலையாக வந்த மரம் இப்போது கன்றாக வருகிறது. இந்த ஒற்றுமையை அவர் நினைத்தாரோ என்னவோ, நமக்கு அது கண்ணில் படுகிறது.

1935 வைசாகம் 25இல் 'சியாமலி'யில் குடி புகுந்தார். உத்தராயணில் சுவர் மட்டுமல்லாமல் கூரையும் மண்ணாலேயே ஆன வீடு. கட்டியவர் சுரேந்திரநாத் கர். சுவரின் புடைப்புச் சிற்பங்களை நந்தலால் போஸும் மாணவர்களும் செய்தார்கள். ஸாந்தால் உருவங்கள் ராம்கிங்கருடையவை. அதே நாளில் வெளிவந்த 'சேஷ ஸப்தக்' தொகுதியில் அந்த வீட்டைப் பற்றிய கவிதை இருக்கிறது. கடைசி வீட்டை மண்ணில் கட்டிக்கொள்கிறேன், விழும்போது அது மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும், இடிபாடு என்று எதையும் நினைவுக்கு வைக்காது என்ற மனநிலை. அதே தொகுதியில் அமிய சக்கரவர்த்திக்கு எழுதிய இன்னொரு கவிதை, வருஷா வருஷம் வந்த வைசாகம் 25களின் வரிசையைத் திரும்பிப் பார்க்கிறது. ஒவ்வொரு பிறந்த நாளிலும் பிறந்தவன் வேறு வேறு ஆளாக இருந்திருக்கிறான் என்று அது உணர்கிறது. எழுபத்துநான்கு வயதில் ஒரு மனிதன் தனக்கென எழுப்பிக்கொண்ட நினைவுச் சின்னம் மழையில் கரையக் கூடியது.

இந்த எளிமையைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. சந்தேகிக்க வேண்டியதுதான். ஜமீந்தார் குடும்பத்துப் பிள்ளை மண் வீட்டில் இருப்பது ஒரு தேர்வு. அந்தச் சுவரில் சிற்பமாக நிற்கும் ஸாந்தால் பெண்ணுக்கு மண் வீடு தேர்வில்லை. பக்கத்திலேயே 'உதயன்' என்ற பெரிய வீடு இருந்தது. நம் ஊரிலும் கதர் கட்டிய செல்வரின் எளிமையைக் கண்டவர்கள் நாம். ஆனால் இந்தக் குற்றச்சாட்டை தாகூருக்கு எதிராக முதலில் எழுதியவர் தாகூரே. 1941 ஜனவரியில் எழுதி 'ஜன்மதினே' தொகுதியில் சேர்ந்த 'ஐகதான்' கவிதை அதுதான். உழவன், நெசவாளி, மீனவன் இவர்களுடைய முற்றம் வரை போனேன், உள்ளே போகும் சக்தி இருக்கவில்லை, என் பாட்டு எல்லா இடமும் போய்ச் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டு, மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு கவிக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கிறது. 'பிறந்த நாளில்' என்று பெயர் கொண்ட புத்தகத்தில் ஒரு கவிஞன் தன் போதாமையைப் பதிவு செய்கிறான். நாம் பார்த்த மணிவிழா மலர்களில் இதற்கு இடமிருந்ததா?

6

நாளை நகர்த்துவது பற்றிச் சொன்னேன். இன்னும் இரண்டு நகர்த்தல்கள் இருக்கின்றன.

சாந்திநிகேதனில் வைசாகம் 25 கோடை விடுமுறைக்குள் விழும், கிணறுகள் வற்றும். அதனால் 1936 முதல் பிறந்த நாளைப் புத்தாண்டான வைசாகம் முதல் தேதியோடு சேர்த்துக் கொண்டாடினார்கள். பிள்ளைகள் ஊருக்குப் போகுமுன், தண்ணீர் இருக்கும்போது. தனி மனிதனின் நாள் எல்லோருடைய நாளில் கரைந்தது.

அடுத்தது 1940. அந்தக் கோடையில் அவர் டார்ஜிலிங் மலையில் மங்பூவில் இருந்தார். பின்னாளில் 'ந ஹன்யதே' எழுதிய மைத்ரேயி தேவியின் வீடு. கணவர் மனமோகன் ஸென் அரசாங்கச் சின்கோனா தோட்டத்தில் கொய்னா தயாரிக்கும் விஞ்ஞானி. வைசாகம் 25 வரும் முன்பே, மே 5, ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாளில் அங்கே விழாவை வைத்துக்கொண்டார்கள். காலையில் புத்தரை வழிபடும் ஒரு நேபாளி முதியவர் வந்து தரையில் ஆசனம் விரித்து உட்கார்ந்து, கவிஞரின் நலனுக்காக மந்திரம் சொன்னார். தாகூர் ஈசோபநிஷத்திலிருந்து வாசித்தார். பிற்பகலில் மலை ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நடக்க முடியாத அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டு வழியில் மெல்லத் தள்ளிக்கொண்டு போக, ஒவ்வொருவரும் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வணங்கினார்கள். மைத்ரேயி தேவியின் 'மங்பூதே ரவீந்திரநாத்' புத்தகத்திலும் 'ஜன்மதினே'யின் கவிதைகளிலும் இந்த நாள் பதிவாகியிருக்கிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் அவர் எழுதிய ஒரு வரியையும் படித்திருக்க முடியாது. ஐவர் பெயரால் அழைப்பு விட்டுத் தொகுத்த தங்கப் புத்தகத்தைப் பற்றி அவர் இப்படிக் கவிதை எழுதவில்லை.

ஜனவரியும் டிசம்பரும் யாருக்காக, வைசாகம் முதல் தேதி யாருக்காக, ஞாயிற்றுக்கிழமை யாருக்காக என்று கேட்டுப் பார்த்தால் விழாக்களின் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. எளிமை செலவுக் கணக்கைப் பொறுத்தது அல்ல. யாருக்கு ஒழியும் நேரத்தில் விழா நடக்கிறது என்பதைப் பொறுத்தது என்று எனக்குப் படுகிறது.

அந்த மங்பூ நாட்களிலேயே ஒரு செய்தி வந்தது. மே 3இல் கல்கத்தாவில் சுரேந்திரநாத் இறந்துவிட்டார். 'கரே பாயிரே' நாவலையும் 'ஜீவன்ஸ்மிருதி'யையும் ஆங்கிலத்தில் தந்தவர். அதைவிட, எந்தக் குழந்தையின் பிறந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் இந்த வழக்கமே தொடங்கிற்றோ, அந்தக் குழந்தை. பிறந்த நாளின் நெஞ்சைப் பிளந்துகொண்டு பிரிவுச் செய்தி வந்ததைச் சொல்லும் ஒரு கவிதை அந்தத் தொகுதியில் இருக்கிறது. பூங்கொத்துகளைப் பற்றிய கவிதைக்கு அருகிலேயே.

7

1941 வைசாகம் முதல் தேதி, ஏப்ரல் 14, சாந்திநிகேதனில் அவருடைய கடைசிப் பிறந்த நாள் கூட்டம். வாசிக்கப்பட்டது 'ஸப்யதார் ஸங்கட்', நாகரிகத்தின் நெருக்கடி. ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது. எண்பது வயதுக்காரர் தம் வாழ்வின் பெரிய நம்பிக்கை ஒன்று தகர்ந்ததைச் சொல்ல அந்த நாளைப் பயன்படுத்தினார். மே 6 காலையில் எழுதிய கவிதை 'சேஷ் லேகா'வில் இருக்கிறது. அதில் வேண்டுவது நண்பர்களின் கை ஸ்பரிசம் மாத்திரம். பை காலியாகிவிட்டது, கொடுக்க இருந்ததைக் கொடுத்தாயிற்று என்கிறது. அதே நாளில், 1922இல் எழுதிய தம் பழைய பிறந்த நாள் கவிதையின் பகுதியைப் பாட்டாக்கினார். அதற்குப் பிறகு அவர் பாட்டு இயற்றவில்லை. ஆகஸ்ட் 7, சிராவணம் 22இல் இறந்தார்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததே. 1961இல் நூற்றாண்டு. தில்லியில் ரவீந்திர பவன், ஹைதராபாதில் ரவீந்திர பாரதி, பெங்களூரில் ரவீந்திர கலாக்ஷேத்ரா, கல்கத்தாவில் ரவீந்திர ஸதன். அவர் பெயரால் எழுந்தவற்றில் எத்தனை கூரைகள்! மரத்தடியில் பாடம் சொன்னவருக்கு நாம் கட்டியது அரங்கங்கள். வங்காளியைத் தனியே கற்று அவரைத் தமிழில் தந்த த.நா. குமாரஸ்வாமி, த.நா. சேனாபதி சகோதரர்களின் உழைப்பை வைத்துத்தான் நமக்கு தாகூர் என்று ஒருவர் இருந்தார். அரங்கங்களை வைத்து அல்ல.

கிழக்கில் வேறு மாதிரி நடந்தது. பாகிஸ்தான் அரசின் முகச் சுளிப்பை மீறி டாக்காவில் 1961இல் நூற்றாண்டைக் கொண்டாடியவர்களிடையேதான் 'சாயாநட்' அமைப்பு பிறந்தது. 1967 வைசாகம் முதல் தேதி விடியலில் அவர்கள் ரம்னா பூங்காவில் ஒரு மரத்தின் கீழ் உட்கார்ந்து பாடத் தொடங்கினார்கள். சில வாரங்களில் அரசு வானொலியில் தாகூர் பாட்டைக் குறைக்க உத்தரவு வந்தது. பாட்டு நிற்கவில்லை. 2001இல் அதே மரத்தடி விழாவில் குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள்; அடுத்த வருஷமும் அங்கேயே பாடினார்கள். திறந்த வெளியில் கூடுவது எல்லாக் காலத்திலும் ஆபத்தில்லாத இளைப்பாறல் என்று நினைக்க வேண்டாம்.

சாந்திநிகேதனில் மரம் நடும் விழா இன்னும் இருக்கிறது. ஆனால் அது பிறந்த நாளில் இல்லை. அவர் மறைந்த பிறகு அது சிராவணம் 22க்குப் போய்விட்டது. பிறந்த நாளை அரங்கங்கள் எடுத்துக்கொண்டன. கன்றும் மண்வெட்டியும் இறந்த நாளுக்கு மிஞ்சின. இதில் வருந்த அதிகமில்லை. சிராவணம் மழைக் காலம். அப்போது நட்ட கன்று தானே பிடித்துக்கொள்ளும். வைசாகத்தில் நட்டால் அப்படியில்லை. 1925 மே மாத வெயிலில் அந்த ஐந்து கன்றுகளுக்கும் தினமும் யாரோ குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்க வேண்டும். விழா முடிந்து எல்லோரும் போன பிறகு, பெயர் தெரியாத அந்த ஆள்.